தாய்மாமன் மடி

இந்திய ராணுவத்தின் அத்தனை ரகசியங்களையும் ஒரே ஆள் காப்பாற்றினார் என்றால், அது என் மனைவியின் தம்பிதான். கடலாடிப் பக்கம் அவருக்குப் பெயரே ‘ரகசியம்’.

போனில், “மாப்ள, எங்கன இருக்கே?” என்பேன்.

“சொல்லக்கூடாது மச்சான்.”

“சரி, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்.”

“என்ன சாப்ட்டே?”

“அதுவும் சொல்லக்கூடாது.”

அட, நீ தின்ற சப்பாத்தியை எண்ணிப் பார்த்தா எதிரி படை திரட்டப் போகிறான்!

லீவில் வரும் தேதியும் ரகசியம். ஒருமுறை சொல்லாமல் வந்து இறங்கியிருக்கிறார். நாங்களோ குடும்பத்தோடு ஏர்வாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால், பூட்டிய வாசலில் ஆறு மணி நேரமாக விறைப்பாக நிற்கிறார்.

“உக்கார வேண்டியதுதானே மாப்ள?”

“காவலே இல்லாம வீட்டப் போட்டுட்டுப் போயிருக்கீக மச்சான்!”

திட்டு வேறு எனக்குத்தான்.

லீவு மாதத்தில் அவருக்கு ஊரில் கிடைத்த மரியாதை கலெக்டருக்குக் கிடைக்காது. மிலிட்டரி கேண்டீன் ரம் பாட்டில் வந்திருக்கிறது என்று தெரிந்தால் பகையாளியும் “சவுக்கியமா?” என்று வாசலில் நிற்பான். அந்தப் பட்டாளத்துச் சம்பளத்தில்தான் வீடு கட்டினார், அக்காளை எனக்குக் கட்டிக்கொடுத்தார். எல்லாம் இருந்தது, ஆள்தான் இருக்க மாட்டார். என் மகளுக்கு ஒரு வயதில் குத்த வேண்டிய காது, தாய்மாமனுக்கு லீவு கிடைக்காமல் மூன்றுக்குத் தள்ளி, ஐந்தில் வந்து நின்றது.

“இந்தத் தடவ கட்டாயம் வாரேன்” என்றார். அதன்பிறகு இருபது நாளாகப் போன் இல்லை. டிவியைப் போட்டால் எல்லையில் சண்டை. என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

அய்யனார் கோயிலில் பத்தரை வரை முகூர்த்தம். பத்தே காலுக்கு ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“நேரம் போகுதுல்ல. வேற மாமன் எவன் மடியிலயாச்சும் பிள்ளைய உக்கார வைங்கப்பா” என்றார் என் பெரியப்பா.

“எந்தம்பி உசுரோட இருக்கான்! இன்னொருத்தன் மடியில வச்சா என்ன அர்த்தம்?” என்று அலறினாள் என் மனைவி.

எல்லோருக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த பயத்தை அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

பத்து இருபதுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. வேட்டி சட்டையில் மெதுவாக இறங்கினார் ரகசியம்.

“ஏலே, எங்கனடா போய்த் தொலஞ்ச?”

“சொல்லக்கூடாதுக்கா.”

அவர் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு அழுதாள் அக்காள்காரி.

சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தோம். ஆசாரி காதைத் தொடக்கூட இல்லை, “ஆ!” என்று அலறியது மாமன்!

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு ஊசின்னா பயமால்ல!” என்றார் பெரியப்பா. மாமனும் சேர்ந்து சிரித்தார். முகமெல்லாம் வேர்வை. இரண்டு காதும் குத்தி முடிகிறவரை பிள்ளையை விடவில்லை.

எழுந்திருக்கக் கை கொடுத்தபோதுதான் பார்த்தேன். வேட்டியில், தொடைப் பக்கம், ரத்தம்.

“பதினாலு தையல் மச்சான். ஆஸ்பத்திரியில இருந்து நேரா வாரேன். அக்காளுக்குத் தெரிய வேணாம்” என்றார் என் காதோரம்.

“சொல்லியிருந்தா இன்னொரு நாள் வச்சிருப்பமேடா!”

“மறுபடியும் தள்ளி வைங்கன்னு சொல்ல வாய் வரல மச்சான்.”

என் தோள் துண்டை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அதற்குள் என் மனைவி பக்கத்தில் வந்துவிட்டாள்.

“என்னங்க, அவன் ஏன் அப்பிடிக் கத்துனான்?”

“உந்தம்பி சரியான பயந்தாங்கொள்ளி” என்றேன்.