‘இடிக்குது’ இருந்த சபை

பிரசங்கத்தின்போது ஒருத்தர்கூடத் தூங்க முடியாத சபை இந்த உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். காரணம், பம்புசெட் மெக்கானிக் ‘இடிக்குது’. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். வேதத்தில் ஓரிடம் இன்னோரிடத்தோடு ஒத்துவராவிட்டால் போதும், தூண் ஓரத்திலிருந்து எழுந்துவிடுவார்: “இடிக்குதே ஐயரே!”

தரங்கம்பாடிப் பக்கத்தில் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அந்த மனுஷர் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

ஒரு பெரிய வெள்ளி. சபையே கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறது. இவர் எழுந்தார். “யூதாஸ் நாண்டுக்கிட்டான்னு ஒரு இடத்துல இருக்கு. விழுந்து வயிறு வெடிச்சான்னு இன்னொரு இடத்துல இருக்கு. ஆளு எப்படித்தான் செத்தான்?”

“கயிறு அறுந்து விழுந்திருப்பான்.”

“அறுந்துச்சுன்னு எங்க எழுதியிருக்கு?”

அழுதுகொண்டிருந்த கொயர்க்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

ஈஸ்டர் நாடகத்தில் வேறு தகராறு. கல்லறையில் தூதன் ஒருவனா, இரண்டு பேரா? ஐயர் சமாதானமாக இரண்டாவது தூதனைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, பாதியில் மேடைக்கு அனுப்பினார். “இப்ப சரிதான்” என்று தூண் ஓரத்திலிருந்து தீர்ப்பு வந்தது.

அப்புறம் வந்தது அறுப்பின் பண்டிகை. இடிக்குதுவின் குத்தகை நிலத்து நெல் முழுக்க மூட்டை மூட்டையாக எங்கள் சபைக் கோயிலுக்கு எதிரே கொள்முதல் நிலைய வாசலில் கிடந்தது. முறை இன்னும் வரவில்லை. நனைந்தால் எடுக்க மாட்டார்கள். அந்த வருஷத்துச் சோறே அதுதான்.

அன்றைக்கென்று ஐயர், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்க வேண்டும் என்று பிரசங்கித்தார்.

“இடிக்குதே ஐயரே! அது ரெண்டாம் வசனம். அதே அதிகாரம் அஞ்சாம் வசனத்துல அவனவன் பாரத்தை அவனவனே சுமக்கணும்னு இருக்கே. எதைக் கேக்குறது?”

“முதல்ல உக்காருங்க!” ஐயருக்கு முகம் சிவந்துவிட்டது.

இடிக்குது உட்காரவில்லை. கூரையில் சடசடவென்று மழை. ஐயோ என்று வெளியே ஓடினார். காற்றில் தார்ப்பாய் வாய்க்காலுக்குப் பறந்துவிட்டது. வயசான மனுஷர் ஒற்றை ஆளாக ஒரு மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“அவனவன் பாரம்னு இப்பத்தானே சொன்னாரு? சுமக்கட்டும்” என்றார் கமிட்டிச் செயலாளர். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் ஐயர் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி, வெள்ளை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் ஓடினார். மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார்.

“விடுங்க ஐயரே! அஞ்சாம் வசனப்படி இது என் பாரம்!”

“யோவ், ரெண்டு முந்தியா அஞ்சு முந்தியா? அந்தப் பக்கம் புடிய்யா!”

அதற்கப்புறம் யார் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள்? செயலாளர் உட்பட எல்லோரும் ஓடினோம். கோயிலுக்குள்ளே பீடம் வரைக்கும் நெல் மூட்டை. அடியில் கிடந்த ஒன்றிரண்டுதான் நனைந்தன.

இடிக்குது ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து ஈரத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “அப்ப அஞ்சாம் வசனத்தை எதுக்கு ஐயரே எழுதி வச்சிருக்கு?”

ஐயர் விழுந்து விழுந்து சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இடிக்குது இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். பிரசங்கத்தின்போது இங்கே தாராளமாகத் தூங்கலாம். நான்தான் தூக்கம் வராமல் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.