சிக்னல் மாமுவின் கை

“…அதான் கரண்ட்டு வந்துடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு என் கையவே பாத்துகினு கீறீங்க?”

ராக் பேண்டு பசங்களிடம் இப்படிக் கேட்கும் தகுதி ராயபுரத்தில், ஏன், மொத்தப் பூலோகத்திலேயே ஒருத்தருக்குத்தான் உண்டு. சிக்னல் மாமு.

துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று டிரைவருக்குக் கை காட்டுவது அவர் வேலை. அந்த இரைச்சலில் வாயால் சொன்னால் யாருக்குக் கேட்கும்? விரலை மேலே சுழற்றினால் தூக்கணும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கணும். முஷ்டியை மடக்கினால் எல்லாம் அப்படியே நிற்கணும். வீட்டில் சோறு போதும் என்பதற்கும் முஷ்டிதான். அவர் சம்சாரம் கரண்டியும் கையுமாக அந்தரத்தில் நிற்பார்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், எங்கள் கேரம் கிளப்பில் ஞாயிறு சாயங்காலம் மட்டும் போர்டுகளை ஓரங்கட்டி, ஏரியாப் பசங்களின் பேண்டுகளுக்கு இடம் விட்டோம். சினிமாப் பாட்டு கிடையாது, எல்லாம் அவர்களே கட்டியது. மாமு முதல் வரிசையில் உட்கார்ந்து கிட்டாருக்கும் கை காட்டுவார், டிரம்முக்கும் கை காட்டுவார்.

“மாமு, இது இன்னா கண்டெய்னரா?” என்றான், பாடுகிற டேவிட்.

“வெயிட்டு கீதில்ல நைனா? அப்ப பாத்துதான் எறக்கணும்.”

ஜனமோ இரண்டாவது பாட்டிலேயே டீக்கடைக்குக் கிளம்பிவிடும். செக்ரட்டரி காதர் பாய், ஒரு காலத்தில் கிரேன் ஓட்டியவர், கறாராகச் சொல்லிவிட்டார்: “இன்னிக்கும் பாதில எந்திரிச்சிப் போனாங்கன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து கேரம்தான்.”

அன்றைக்கு முதல் பாட்டே கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைப் பற்றியது. பாதியில் கரண்ட் போனது. கிட்டார் செத்தது, மைக் செத்தது. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. காதர் பாய் ஒரு கேரம் போர்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தேவிட்டார்.

மாமு ஸ்டூல் மேல் ஏறினார். ஜன்னல் வெளிச்சத்தில் முஷ்டியை மடக்கினார்.

உள்ளே இருந்ததில் பாதிப் பேர் ஹார்பர் ஆட்கள். எழுந்தவன் அரைகுறையாகக் குனிந்தபடி நின்றான். வாசல் தாண்டப் போனவன் ஒற்றைக் காலில் நின்றான். பாய் போர்டோடு சிலையாகிவிட்டார். மாமு டிரம்மைப் பார்த்து விரலைச் சுழற்றினார், டிரம் எகிறியது. எங்களைப் பார்த்துச் சுழற்றினார், “கேட்டு போட்டான், கேட்டு போட்டான்” என்று பல்லவியைப் பாடி மொத்தக் கிளப்பும் கூரையைப் பெயர்த்தது. உள்ளங்கையைத் தாழ்த்தினார், டேவிட்டின் வெறும் குரல் மட்டும் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது.

“யோவ் மாமு, எனக்கும் எறக்கிக் காட்டுய்யா, தோளு போவுது” என்று கெஞ்சினார் பாய்.

அவருக்கென்று தனியாக ஒரு உள்ளங்கை தாழ்ந்தது. பாய் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் மேலேயே தாளம் போட்டார். “வுடு, கேரம் எங்க ஓடிடப் போவுது.”

அப்போதுதான் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, கிட்டார் கிர்ரென்றது. ஆனால் பேண்டு பசங்கள் வாசிக்கவில்லை. மாமுவின் கைக்காகக் காத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

கேட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார். இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, நான் பார்த்து முதல் தடவையாக, சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்.