பெட்ரோல் டேங்குக்குப் போட்ட பதினோரு சுற்று

தெரிந்த வேலையில்தான் மனுஷனுக்கு மானம் போகும். தெரியாத வேலை என்றால் ஒதுங்கி நின்றிருப்போமே.

எனக்குப் படிப்பு வராது, கயிறு வரும். பாலக்கரையில் நாற்பது வருஷம் லாரிக்குப் பாரம் கட்டினேன். (ஒரு தடவை நான் கட்டிய வாழைத்தார் லோடு பள்ளத்தில் கவிழ்ந்தது. லாரி நசுங்கியது, ஒரு தார் உருளவில்லை. சரி, அது வேறு கதை.)

மகள் செல்விக்கு எடமலைப்பட்டி புதூரில் வரன் வந்தது. பையனுக்குப் பிடித்துவிட்டது. பையனின் அப்பாதான், "பாரம் கட்டுறவர் வீடா?" என்று இழுத்துக்கொண்டிருந்தார். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ரிட்டையரானவர். மொட்டைமாடியில் தானே ஒரு சின்னப் பாய்மரப் படகு செய்து வைத்திருந்தார். (அதை இறக்கக் கிரேன் வந்தது.) ஆடியில் காவிரியில் தண்ணீர் வந்ததும் வெள்ளோட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார். அது அழைப்பா, பரீட்சையா என்று இன்றுவரை தெரியாது.

காற்று நின்றால் ஓட்ட ஒரு குட்டி மோட்டார் இருந்தது. அதற்கான பெட்ரோல் டேங்க் தனி. தூக்குவாளி மாதிரி கையில் எடுத்துப் போகலாம்.

"இதை ஆடாம கட்டிடுங்க. மோட்டார் ஓடுறப்ப மூடியில இருக்கற திருகு மட்டும் திறந்திருக்கணும்" என்றார்.

பெட்ரோலைத் திறந்து வைப்பதா! படித்தவர் புத்தியைப் பார் என்று மனசுக்குள் சிரித்தபடி திருகை இறுக்கினேன். மேலே தார்ப்பாய் போர்த்தி, பதினோரு சுற்றுச் சுற்றி, லாரி முடிச்சுப் போட்டேன். இதைப் பார்த்தாவது மனுஷன் சம்மதிப்பார் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

நடு ஆற்றில் காற்று நின்றது. மோட்டார் ஐந்து நிமிஷம் பாடியது, விக்கியது, செத்தது.

"திருகைத் திறந்தீங்களா?"

"இல்லீங்க, சிந்திடுமேன்னு..."

"உள்ள காத்து போனாத்தானே பெட்ரோல் வெளிய வரும்! அவிழுங்க, அவிழுங்க!"

தண்ணீர் பட்டுக் கயிறு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்தேன். பல்தான் ஆடியது, டேங்க் ஆடவில்லை. துடுப்பை அவர் வீட்டிலேயே மறந்திருந்தார். (இதை மட்டும் இப்போது யாரும் சொல்வதில்லை.)

படகு தன் போக்கில் மிதந்துபோய், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில், தர்ப்பணம் பண்ணிக்கொண்டிருந்தவர்கள் நடுவே படித்துறையில் முட்டியது. ஒரு வாத்தியார் ஸ்வாமி என் தார்ப்பாய் மூட்டையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அஸ்தி கரைக்க வந்தேளா? ரொம்பப் பெரிய மனுஷர் போலிருக்கே!"

"இல்ல சாமி" என்று பையனின் அப்பா என்னைக் காட்டினார். "இவரோட மானம்."

இளநீர்க்காரர் வந்து அரிவாளால் கயிற்றை வெட்டினார். அறுந்த முடிச்சைப் பையனின் அப்பா எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். செல்வி முகத்தில் எப்படி முழிப்பது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"மூணு நாளா அந்த முடிச்சை அவிழ்த்துப் பாக்கறேங்க, முடியல. இந்தச் சம்பந்தம் எனக்குச் சரி. தட்டு மாத்திக்கலாம்."

இப்போதும் செல்வி வீட்டில் ஏதாவது சண்டை என்றால், சமாதானம் பேச நான் தொண்டையைக் கனைப்பேன். மாப்பிள்ளை உடனே கும்பிடு போடுவார்.

"மாமா, நீங்க எதையும் கட்டாதீங்க. திருகை மட்டும் திறந்து விடுங்க, கொஞ்சம் காத்து வரட்டும்."