ஓங்கல் மலை வளர்ந்த வரலாறு

உலகத்து மலைகள் எல்லாம் மழையில் கரைந்தும் காற்றில் தேய்ந்தும் ஆண்டுக்காண்டு சிறுத்துக்கொண்டிருந்த காலத்தில், விடாமல் வளர்ந்துகொண்டிருந்த மலை ஒன்றே ஒன்றுதான். அது குவடர்கள் வாழ்ந்த ஓங்கல் மலை. அங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்ததால் அது வளர்ந்தது.

குவடர்கள் நம் இடுப்பு உயரம்தான் இருப்பார்கள். உள்ளங்காலில் ரோமம் உண்டு; பனியில் வழுக்காது. காதுகள் பூவரச இலை அகலம்; மலைக்காற்று ஊளையிடும்போது மடக்கிக்கொள்ளலாம். பெரியவர்கள் முன்னிலையில் காதை மடக்கி நிற்பதுதான் மரியாதை என்று பிற்காலத்தில் ஒரு வழக்கம் வந்தது. எனவே ஆட்சித் தலைவர் பெருமுடியார் மேடையேறியதும் ஊரே காதை மடக்கிக்கொள்ளும். அவர் கையை உயர்த்தியதும் கைதட்டும். அவருடைய பேச்சை ரசிக்காத குவடர் ஒருவர்கூட இல்லை. கேட்டவரும் இல்லை.

இன்னொரு வழக்கம் கல். பிள்ளை பிறந்ததும் ஓடையிலிருந்து அதன் தலையளவுக்கு ஒரு கல் எடுத்துவந்து வாசல் சுவரில் பதிப்பார்கள். அது அந்தப் பிள்ளையின் பிறவிக்கல். சுவரில் எத்தனை கல்லோ, அந்த வீட்டில் அத்தனை உயிர். மடையில் முறைத்தண்ணீர் விடுவதும், களத்தில் வாற்கோதுமை பங்கிடுவதும் அந்தக் கல்லை எண்ணித்தான். ஆள் செத்தால் கல்லைப் பெயர்த்து உச்சிக்குச் சுமந்துபோய் அடுக்குவார்கள். அதோடு தண்ணீரும் நின்றுவிடும், பங்கும் நின்றுவிடும். தன் கல்லின் மேல் உட்கார்ந்திருப்பவரைத் தலைவரே ஆனாலும் தொடக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. குவடர் சண்டைகளில் பாதி இப்படி யாராவது உட்கார்ந்துகொள்வதால்தான் முடிந்தது.

ஆண்டுதோறும் உச்சியைக் கயிறு போட்டு அளந்து, மலை எவ்வளவு வளர்ந்தது என்று அரசு அறிவிக்கும். கொள்ளைநோய் வந்த ஆண்டில் மூன்று முழம் வளர்ந்தது. அது பொற்காலம் என்று பாடத்தில் இருக்கிறது.

இந்தக் கதை நடந்த ஆண்டில் கயிறு ஒரு விரல்கூடக் கூடவில்லை. வளர்ச்சி அமைச்சர் நெடுங்கோடரைப் பெருமுடியார் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னய்யா இது? ஒரு விரல்கூட இல்லையா?”

“மன்னிக்கணும் தலைவரே. மருத்துவச்சிகளோட பொறுப்பில்லாத போக்குதான் காரணம். போன குளிர்ல அம்பது பேரைக் காப்பாத்திப்புட்டாங்க.”

“தேர்தல் வருதேய்யா! எதைச் சொல்லி ஓட்டுக் கேக்கறது?”

நெடுங்கோடர் காதை ஒருமுறை மடக்கி விரித்தார். அவர் யோசிக்கும் விதம் அது. “எப்படியும் எல்லாரும் ஒருநாள் குடுக்கப்போற கல்லுதானே தலைவரே. முன்கூட்டியே வாங்கிட்டா என்ன?”

மறுவாரம் பெருமுடியார் மேடையில் அறிவித்தார்: குடிகள் அனைவரும் தத்தம் பிறவிக்கல்லை நாட்டின் உயரத்துக்காக இப்போதே அளிக்க வேண்டும், கல் மேலே போனவர்களுக்கு மரபுப்படி தண்ணீரும் பங்கும் நிறுத்தப்படும், முதல் கல் தன்னுடையது. ஊர் காதை மடக்கிக்கொண்டு இரண்டு நாழிகை நின்றது. பிறகு கைதட்டியது.

விடரி மட்டும் தட்டவில்லை. மேல்சரிவில் ஒற்றை வயலில் வாற்கோதுமை போட்டு, நாலு ஆடு வைத்துப் பிழைத்துவந்த கைம்பெண் அவள். பனிக்கடியில் வெந்துபோன அவளுடைய இடது காது மடங்காது. கூட்டத்துக்குப் போனால் அந்தப் பக்கத்தை முந்தானையால் மூடிக்கொள்வாள். அன்று காற்று முந்தானையை இழுத்துவிட்டது.

“யோவ் கூதா,” என்று பக்கத்து வயல்காரரை இடித்தாள். “நம்மளச் சாகச் சொல்றாருய்யா!”

கூதன் பாதிக் காதை விரித்து, “உஷ். மரியாதையா நில்லு. உன் காதுதான் ஊனம்னு ஊருக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டினார்.

பெருமுடியாரின் கல் பட்டுத்துணியில் சுற்றப்பட்டு, மேளதாளத்தோடு உச்சிக்குப் போனது. அதைக் காக்க இரண்டு வீரர்கள் நிறுத்தப்பட்டார்கள். மலையாடுகள் கிட்டே வராமல் விரட்டுவதுதான் அவர்களுக்கு வேலை. ஆடுகளுக்குக்கூடத் தலைவர் மேல் இவ்வளவு பக்தியா என்று ஊர் மெச்சியது.

பிறகு கல் பெயர்ப்போர் வந்தார்கள். வீட்டுக்கு வீடு சுவரில் ஓட்டைகள் விழுந்தன. குடிகளின் இல்லங்களுக்கு அரசு காற்றோட்டம் அளித்திருப்பதாக நெடுங்கோடர் அறிக்கை விட்டார். விடரி வீட்டுக்கு வந்தபோது, அவள் தன் கல்லைத் தானே பெயர்த்து வாசலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரிம்மா. நாட்டு வேலை.”

“உக்காந்திருக்கேன்ல?”

“எவ்வளவு நேரம் உக்காந்திருப்பே?”

“வயசு அறுபதாவுது. அவசரமா எங்கயும் போகணும்னு இல்ல.”

மூன்று நாள் காத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் ஏட்டில், “கல் அளித்தோர் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று, விடுபட்டது ஒன்று” என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

மலை அந்த ஆண்டு ஏழு முழம் வளர்ந்தது. மடைகள் அடைக்கப்பட்டன. நாற்பது நாளுக்கு ஒருமுறை விடரியின் முறைக்கு மட்டும் மடை திறந்தது. மீதி நாளெல்லாம் தண்ணீர் பள்ளத்தில் விழுந்து வீணாகியது. கூதனின் வயல் வெடித்தது. அவர் மடைக்காவலரிடம் போய் நின்றார்.

“அண்ணே, பயிர் கருகுது. ஒரு நாழிகை திறந்து விடுங்க.”

“நீ செத்து ஏழு மாசமாச்சேப்பா,” என்றார் காவலர், உண்மையான வருத்தத்தோடு. “உனக்கு எதுக்குத் தண்ணி?”

விடரி தன் பங்கில் குடம் குடமாக மொண்டு கூதனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஊற்றினாள். அதற்கும் ஆள் வந்தது. இறந்தவர்களுக்கு உணவோ நீரோ தருவது படையல். படையல் ஆண்டுக்கு ஒருமுறைதான். மீறினால் அவள் தண்ணீரும் நிற்கும். கூதன் வேலிக்கு அந்தப் பக்கம் காலிக் குடத்தோடு நின்றார். விடரி இந்தப் பக்கம் நிறைகுடத்தோடு நின்றாள்.

“அன்னிக்கே சொன்னியே,” என்றார் கூதன்.

“காது ஊனம்னியே.”



இந்த நிலையில்தான் தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியலைத் தயாரித்த நெடுங்கோடர் அதைச் சுருட்டாமலேயே தலைவரிடம் கொடுத்தார். ஒரு பெயர்தான் இருந்தது.

“என் பேரே இல்லையே?” என்றார் பெருமுடியார்.

“தலைவர் முதல் கல் குடுத்தவராச்சே. ஆனா செத்தவர் ஓட்டுப் போடக்கூடாதுன்னுதான் வழக்கம். ஆளக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. முன்னுதாரணமும் நிறைய இருக்கு.”

நாட்டின் தேர்தல் பிரசாரம் முழுவதும் ஒரே வாசலுக்கு வந்தது. காலையில் கொம்பு ஊதினார்கள், மதியம் கலைநிகழ்ச்சி. விடரிக்கு இரண்டு ஆடும் ஒரு கம்பளியும் வந்தன. கடைசி நாள் பெருமுடியாரே வந்து கைகூப்பினார்.

“தாயே, உங்க வீட்டுப் பிள்ளையா நெனச்சு எனக்கே போடணும்.”

“எந்திரிச்சா கல்லைத் தூக்கிருவீங்க. உக்காந்தே பேசறேன், தப்பா நெனைக்காதீங்க” என்றாள் விடரி. “எனக்கு ஆடு வேணாம். எல்லாரு கல்லையும் எறக்கி அவங்கவங்க சுவத்துல வைங்க. மடையைத் திறங்க.”

“ஏழு முழம் வளர்ந்த மலையைக் குறைக்கச் சொல்றீங்களே! பக்கத்து மலைக்காரன் சிரிக்க மாட்டானா?”

“அவன் வயல்ல தண்ணி ஓடுது. அவன் எதுக்கும் சிரிப்பான்.”

ஆதரித்தால் சிவப்புக் குடம், எதிர்த்தால் கறுப்புக் குடம். ஆளுக்கு ஒரு வாற்கோதுமை மணி. பட்டியலில் இல்லாதவர்கள் பெயரிலும் அரசே மணி போட்டது. நாலாயிரத்துச் சொச்சம் மணிகளை ஒவ்வொன்றாகப் போடக் கை போதவில்லை என்று, உச்சியில் ஆடு விரட்டிய இரண்டு வீரர்களையும் தேர்தல் பணிக்குக் கீழே இறக்கிக்கொண்டார்கள். மாலையில் நெடுங்கோடர் முடிவை அறிவித்தார். சிவப்புக் குடத்தில் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. கறுப்பில் ஒன்று.

ஊர் காதை மடக்கிக்கொண்டு கைதட்டத் தயாரானது. அப்போது கூதன் முன்னால் வந்தார். காதுகளை நன்றாக விரித்துக்கொண்டு வந்தார். பெண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“ஐயா, ஓட்டுப் போட்டது யாரு?”

“குடிமக்கள் அனைவரும். நீர் உட்பட.”

“அப்ப நான் உசிரோட இருக்கேன். மடையைத் திறங்க.”

நெடுங்கோடர் காதை மடக்கி விரித்தார். “வாக்களிக்கும் பொருட்டு, இன்று காலை முதல் மாலை வரை குடிகள் உயிரோடு இருந்தனர். பொழுது சாய்ந்ததும் அவரவர் பழைய நிலைக்குத் திரும்பினர். அடுத்த தேர்தலில் மீண்டும் உயிர்ப்பிக்கப்படுவர்.”

“டேய், எல்லாரும் காதை விரிங்கடா!” என்று கத்தினார் கூதன். “ஒருதடவை, ஒரே ஒருதடவை, கேட்டுத்தான் பாருங்களேன்!”

ஒரு காது விரிந்தது. பிறகு பத்து. நெடுங்கோடர் அந்த அறிவிப்பை மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று, ஏனெனில் எல்லோரும் கேட்டார்கள். வாசித்து முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. அந்த அமைதி அவருக்குப் பழக்கமில்லாதது. கையை இரண்டுமுறை உயர்த்திப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் ஊர் உச்சிக்கு ஏறியது. விடரியும் தன் கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். அவரவர் கல்லை அவரவர் கண்டுபிடித்தார்கள். பிறவிக்கல்லைக் குவடர் இருட்டிலும் அறிவார். மதியத்துக்குள் மலை ஏழு முழம் குறைந்துவிட்டது. சாயங்காலம் மடை திறந்தது. திறக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. காவலரின் வயலும் காய்ந்துதான் கிடந்தது.

மலை தானாகவே தலைவணங்கிப் பணிவு காட்டியது என்று நெடுங்கோடர் அறிக்கை விட்டார். பெருமுடியாரின் கல்லையும் மரியாதையோடு கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்று கூதனும் விடரியும் தேடினார்கள். பட்டுத்துணி கிடைத்தது, ஓரத்தில் நெய் வாசனையோடு வாற்கோதுமை மாவு கொஞ்சம் ஒட்டியிருந்தது. கல் இருந்த இடத்தில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது.