பதினைந்து வினாடி மிச்சம்

மனித குலம் வாய் திறந்த நாள்முதல் செய்துவந்த பிழை, ஒரு வேதியியல் வகுப்பில்தான் முதன்முதலாகத் திருத்தப்பட்டது. ஆசிரியர் பேசினால் மாணவர் கற்பதில்லை என்று ஆய்வுக்குழு கண்டுபிடித்திருந்தது. ஆகவே நாற்பது நிமிட வகுப்பில் ஆசிரியர் பேச்சு நான்கு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வேதியியல் வாத்தியாரின் தற்காலிக வேலை நிரந்தரமாகாது.

"வீட்ல எட்டு வருஷமா வாயத் திறக்காமத்தான இருக்கீங்க, அங்க மட்டும் என்ன?" என்றாள் மனைவி. வாத்தியாருக்குத் தெம்பு வந்தது.

வருகைப்பதிவே மூன்றேமுக்கால் நிமிடத்தைத் தின்றுவிட்டது. மிச்சப் பாடத்தைக் கையாலும் புருவத்தாலும் நடத்தினார். ஆக்சிஜனுக்கு இரண்டு விரல். பிள்ளைகளுக்கு அவர்மேல் பாசம். மாணவர் பேச்சை அளக்க மேசைக்கு மேசை ஒலிப்பதிவுக் கருவி இருந்ததால் அவருக்காக ஓயாமல் பேசினார்கள். ஒரு குழு பஸ் நிறுத்தங்களை வரிசையாக ஒப்பித்தது. இன்னொன்று, யாருடைய மாமா பலமாகக் குறட்டை விடுவார் என்று வாதாடியது. வகுப்பைக் கண்காணிக்க ஆய்வுக்குழு அனுப்பிய ஆய்வாளர் அம்மா 'ஆதாரத்துடன் கூடிய விவாதம்' என்று குறித்துக்கொண்டு கண் கலங்கினார்.

கடைசி மேசைப் பெண் மட்டும் பேசவில்லை. வருடம் முழுக்கப் பேசாதவள். வகுப்பு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அவள் முன்னால் பீக்கரில் அடர் கந்தக அமிலம். கையிலிருந்த தண்ணீர்க் குடுவை அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

வாத்தியார் புருவத்தை உயர்த்தினார். அவள் பார்க்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டினார். பக்கத்து மேசை அதை ஆக்சிஜன் என்று எழுதிக்கொண்டது.

"நிறுத்து. அமிலத்துல தண்ணி ஊத்தாத. தண்ணிலதான் அமிலத்த ஊத்தணும், கொஞ்சம் கொஞ்சமா."

பத்து வினாடி. இன்னும் ஐந்து மிச்சம். வேலை பிழைத்தது.

அவள் குடுவையைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"ஏன் சார்?"

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் வாய்க்குப் பூட்டு ஏது? அவள் கேட்கக் கேட்க, மணி அடிக்கும்வரை சொன்னார். பஸ் நிறுத்தக் குழுகூடப் பாதி வழியில் இறங்கி வந்து நின்றது.

அறிக்கை தெளிவாக இருந்தது: 'மாணவி, பதினான்கு சொல். ஆசிரியர், ஒன்பது நிமிடம் கூடுதல். ஆதிக்கம்.' வேலை போயிற்று.

ஆசிரியர் குறைவாகப் பேசிய வகுப்புக்கு ஆய்வுக்குழு தரும் முதல் பரிசு, பக்கத்து வகுப்புக்கு. அங்கே ஆசிரியர் பேச்சு சுத்தமாகப் பூஜ்யம். அவர் அன்று விடுப்பு. பரிசளிப்பில் எல்லாரும் கைதட்டினார்கள், ஊமைக்கோட்டானைத் தவிர. தட்டுவதற்கு அவளிடம் பத்து விரலும் பத்திரமாகத்தான் இருந்தன. அதைக் குறிக்கத்தான் ஆய்வு அட்டவணையில் கட்டம் இல்லை.