வயர் வெட்டிய பெட்டி

யார் சொன்னாலும் சரி, என் வேனில் அந்தப் பெட்டி ஏறாது என்று சபதம் போட்டேன். சபதம் இரண்டு நாள் நின்றது. என் வீட்டில் என் சபதத்துக்கு அதுவே அதிகம்.

எங்கள் வேன் சங்கத்தில் புதுச் சட்டம். ஆசிரியர்களை ஏற்றும் வேன் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கைப் பெட்டி கட்டாயம். டிரைவர் கண் சொக்கினால் கத்தும். கோட்டைத் தாண்டினால் கத்தும். இறக்கத்தில் கியரைக் கழற்றி நியூட்ரலில் விட்டாலும் கத்தும். நான் இருபத்திரண்டு வருடமாக நுவரெலியாவிலிருந்து லிந்துலைக்கு டீச்சர்மாரைக் கொண்டுபோகிறவன். ஒரு விபத்து கிடையாது. நாலு பக்கக் கண்ணாடி, ஒரு கோழி, ஒரு தபால் பெட்டி, இதெல்லாம் விபத்தில் சேராது. மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டி லைசன்ஸ் வாங்கினேன். மீதியை மலை கற்றுக்கொடுத்தது. ஓட்டத் தெரியாதவனுக்கு ஒழுங்காகப் பழக்காமல், ஓட்டத் தெரிந்தவன் தலையில் பெட்டியைக் கட்டினால் எப்படி?

இதையே வீட்டிலும் முழங்கினேன். என் மனைவி சுதர்ஷினி அந்த லிந்துலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் என் வேனில் எனக்கு நேர் பின்னால் உட்காருகிறவள். சனிக்கிழமை மட்டும் தையல் கிளாஸ் போவாள். ஆறு மாதமாகியும் ஒரு கைக்குட்டைகூட வீடு வந்து சேரவில்லை. நான் கேட்டதுமில்லை.

"அப்ப பெட்டி கத்தாம ஓட்டிக் காட்டுங்களேன்," என்றாள்.

"ஒரு வாரம் பாரு. மூணு தடவை கத்துச்சுன்னா வேன் சாவி உன் கையில."

"டீச்சர்மார் முன்னால சொல்லுவீங்களா?"

சொன்னேன். சாவி கிடைத்தாலும் அதை வைத்து இவள் கதவைத்தான் திறப்பாள் என்ற தைரியம். அதோடு, வேன்களில் பெட்டி பூட்டிக் கொடுக்கிற விஜேந்திரன் எனக்கு வேண்டியவன். உள்ளே வயரை வெட்டிவிட்டு, பார்வைக்குப் பச்சை விளக்கு மட்டும் எரியும்படி செய்து கொடுத்தான். பெட்டி ஊமையாகிவிட்டது.

திங்கட்கிழமை நானுஓயா தாண்டி இறக்கம். எங்கள் பக்கத்து டிரைவர்மார் வழக்கப்படி கியரை நியூட்ரலில் தள்ளினேன். டீசலும் மிச்சம், மனசுக்கும் சுகம்.

'கீக்' என்றது பெட்டி.

"ஒண்ணு," என்றாள் சுதர்ஷினி.

விஜேந்திரனுக்குப் போன் போட்டேன். வெட்டிய வயர்த் துண்டு தன் சட்டைப் பையிலேயே இருப்பதாகச் சத்தியம் செய்தான். புதன்கிழமை பனிமூட்டத்தில், வளைவில், ஹோர்ன்கூட அடிக்காமல் ஒரு பஸ்ஸை முந்தினேன். மறுபடி 'கீக்'. நாகலெட்சுமி டீச்சர் முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இதைச் சொல்லப் பெட்டி வேண்டியதில்லை, நானே கத்தியிருப்பேன் என்றார். சுதர்ஷினி இரண்டு விரலைக் காட்டினாள்.

எனக்கு வந்த வேதனையை யாரிடம் சொல்வது? வயர் வெட்டிய பெட்டி எப்படிக் கத்தும் என்று கேட்டால், வயரை வெட்டியது யார் என்று கேட்பார்கள். வியாழன் பின்னேரம் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்து காலில் போடாத என் பழைய சப்பாத்துக்குள் ஒளித்தேன். வெறும் கூட்டை மட்டும் திரும்பப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை ராஜா மாதிரி நியூட்ரலில் இறங்கினேன். 'கீக்'.

வேனை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். பொறுக்க முடியவில்லை.

"உள்ள ஒண்ணுமே இல்லாத பெட்டி எப்படிடி கத்தும்?"

சுதர்ஷினி நிதானமாகக் கேட்டாள்.

"உள்ள ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவள் மடியில் இருந்த போனைத் தட்டினாள். 'கீக்' என்றது போன்.

"விஜேந்திரன் சம்சாரம் தனுஜா என் கூட கிளாஸுக்கு வர்றா. வயர் வெட்டுன அன்னிக்கே சொல்லிட்டா."

"தையல் கிளாஸுக்கா?"

கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். டிரைவிங் லைசன்ஸ். ஆறு மாதப் பயிற்சியில் மூன்று மாதம் இறக்கத்தில் கியர் போட்டு இறங்குவது மட்டுமாம். "நியூட்ரல்ல விட்டா பிரேக் சூடாகி ஒருநாள் பிடிக்காமப் போயிரும்னு முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. தெனமும் உங்க பின்னால உசிரைக் கையில பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேங்க," என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்தேன். டீச்சர்மார் கை தட்டினார்கள்.

பெட்டிக்கு வயரும் குடலும் திரும்பப் போட்டாயிற்று. சுதர்ஷினி ஓட்டுகிறாள். அவளுடைய பழைய சீட்டில் நான். அவள் தவறு செய்யட்டும், பெட்டி கத்தட்டும் என்று மூன்று வாரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். நேற்றுதான் முதல் தடவையாகக் கத்தியது.

பின் சீட்டில் நான் பெல்ட் போடவில்லையாம்.