வெள்ளி ஆறு மணிச் சவுனாவும் மூன்று அடிமைப்பழக்கங்களும்

குவோப்பியோ,
வெள்ளி பிற்பகல்

மரியாதைக்குரிய மச்சான் வெய்க்கோ அவர்களுக்கு, தங்கள் தங்கை இர்மெலியின் கணவன் ஔலிஸ் எழுதிக்கொள்வது. இருவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

இருபத்திரண்டு வருடமாக எங்கள் குடியிருப்புக்குப் பொதுவான நீராவிக் குளியலறையில், அதுதான் நம் சவுனாவில், வெள்ளி மாலை ஆறு மணி எங்களுடையது. குடியிருப்பின் புதுச் செயலாளர் அம்மாள், இனி கணினியில் மென்பொருளை இறக்கி நிறுவித்தான் குளியல் முறை கேட்க வேண்டும், வெள்ளி நண்பகலோடு கெடு முடியும் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார். நான் தவறினால் லபக்கென்று பிடித்துக்கொள்ள மாடிவீட்டுப் புஸ்தினென் காத்திருக்கிறான்.

எங்கள் கிழட்டு மடிக்கணினியில் இருப்பதோ நூலகத்தில் போட்டுக்கொடுத்த எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம். பத்து மணிக்குப் பொதியை இறக்கி இரண்டு தட்டுத் தட்டினேன், பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருப்பதைக் காட்டியதே தவிர நிறுவுகிற பேச்சே இல்லை, சரியென்று கட்டளை எழுதுகிற கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்து அடித்தேன், கடவுச்சொல் கேட்டது, அடித்தால் ஒரு எழுத்தும் திரையில் விழவில்லை, விசைப்பலகை செத்துப்போச்சு என்று குத்து குத்தென்று குத்தினேன், அது கண்ணுக்குத் தெரியாமலே வாங்கிக்கொள்ளுமாம், எவன் சொன்னான் எனக்கு? பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. அப்போது வந்து விழுந்தது: ‘நிறைவேறாத ரீப்புவூஸ்: மூன்று.’ ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருப்பதற்கும் போதைக்கு அடிமையாவதற்கும் நம் மொழியில் அந்த ஒரே சொல்தானே மச்சான்! காபியோடு வந்த இர்மெலி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது, அடிமைப்பழக்கம் மூணுன்னு போட்டிருக்கு? மெஷினுக்குத் தெரிஞ்சது கட்டிக்கிட்டவளுக்குத் தெரியலையே!”

“அடியே, நேரமாகுதுடி!”

“மூணையும் சொல்லிட்டுத் தட்டுங்க.”

பதற்றத்தில் உளறிவிட்டேன். இரத்தக்கொதிப்புக்கு ஆகாதென்று டாக்டர் நிறுத்திய அதிமதுர உப்பு மிட்டாய், நிலவறை டப்பாவில். பால்கனியில் புகைக்குழாய். “மூணாவது?” என்றாள். விசைப்பலகையைத் தட்டத் தொடங்கிவிட்டேன். வியாழன்தோறும் முட்டி வைத்தியம் என்று சொல்லிவிட்டு நீங்களும் நானும் டாங்கோ நடனம் ஆடப் போவதைப் பற்றி அவள் கேட்டால், நீங்களும் மூச்சு விடாதீர்கள்.

மூன்று துணை மென்பொருள்கள் இல்லை என்பதைத்தான் அந்தச் சனியன் சொல்லியிருக்கிறது. இன்னொரு கட்டளை கொடுத்ததும் தானே போய்க் கொண்டுவந்தது. பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் திறந்தது. ‘வெள்ளி ஆறு மணி: பதிவாகிவிட்டது.’ போச்சு, அவன் முந்திவிட்டான்! நேரே மாடிக்கு ஓடி, புஸ்தினெனைத் திருடன் என்று திட்டிவிட்டு வந்தேன்.

தங்கள் வீட்டம்மாவுக்கும் தங்களுக்கும் ஆண்டவன் வெந்நீரும் ஆவியும் குறையாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சவுனா இழந்த ஔலிஸ்

பி.கு.: அண்ணே, இர்மெலி எழுதுறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், உறை ஒட்டலை. ஆறு மணியை நான் செவ்வாய்க்கிழமையே செயலாளரம்மாவுக்குப் போன் பண்ணி நம்ம பேர்ல போட வச்சுட்டேன். புஸ்தினென்கிட்ட இவரே போய் மன்னிப்புக் கேட்கட்டும். வியாழக்கிழமை எனக்கும் முட்டி வலிக்கும்போல இருக்கு. அண்ணியையும் கூட்டிக்கிட்டு வர்றேன்.